சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்குக் கீழ வீங்குது டாக்டர்!

கேள்வி: எனக்கு 42 வயசு. கொஞ்ச நாளா சாப்பிட ஆரம்பிச்சாலே வலது தாடைக்குக் கீழ நெல்லிக்காய் சைஸுக்கு வீங்கி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அப்புறம் தானா வத்திடுது. நெறி கட்டியிருக்குன்னு மாமியார் பத்து போட்டாங்க, கேக்கல. ஸ்கேன்ல எச்சில் சுரப்பிக் குழாய்ல 6 மி.மீ. கல்லுன்னு வந்திருக்கு. வாழைத்தண்டு ஜூஸ்ல கரையுமா? சுரப்பியையே எடுத்துடுவாங்களா?
- வாசகி, தேனி

பதில்: சாப்பிடறப்ப வீங்குது, அப்புறம் வத்துதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி தெரிஞ்சுபோச்சு. நெறி கட்டினா சோத்தைப் பாத்து ஏறி இறங்காது. எச்சில் கல்லுல 80 சதவீதத்துக்கு மேல இந்தத் தாடையடி சுரப்பியிலதான் வரும், ஏன்னா இங்க எச்சில் கொஞ்சம் கொழகொழன்னு கால்சியம் கூடுதலா இருக்கும், குழாயும் நீளம், மேல் நோக்கி வேற ஏறணும். டாக்டர் கிளவுஸ் போட்டு ஒரு விரலை நாக்குக்கு அடியிலயும் இன்னொரு கையை வெளியில தாடைக்குக் கீழயும் வெச்சு அமுக்கினா, கல் முன்னாடி இருந்தா விரல்லயே தட்டுப்படும். ரொம்பப் பொடிக் கல்லு அல்ட்ராசவுண்ட்ல தப்பிடும், அப்ப சி.டி. எடுப்பாங்க.

வாழைத்தண்டு கிட்னி கல்லுக்கே எவ்வளவு கேக்கும்கறது தனிக் கதை, இதைக் கரைக்காது. கால்சியம்னு பயந்து பாலையும் நிறுத்த வேணாம். தண்ணி நிறைய குடிக்கிறது, எலுமிச்சை சப்புறது, சுரப்பியைப் பின்னாலருந்து முன்னால நீவி விடுறது, இதெல்லாம் சின்னக் கல்லைத் தள்ளிவிடும், 6 மி.மீ.க்கு நம்பி உக்காந்திருக்க முடியாது. சளிக்கு அடிக்கடி செட்டிரிசின்னு அலர்ஜி மாத்திரை போடுவீங்களா? அது எச்சிலைக் குறைச்சு வாயை வறள வைக்கும், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சுமார் 4 மி.மீ. வரைக்கும்னா சியலெண்டோஸ்கோபின்னு மெல்லிசா ஒரு கேமராக் குழாயை எச்சில் வர்ற ஓட்டை வழியாவே விட்டு குட்டிக் கூடையில புடிச்சு இழுத்துடுவாங்க. உங்களோடது அதுல முழுசா வர்றது கஷ்டம், ஆனா குழாயோட முன்பக்கம் இருந்தா மரத்துப்போக ஊசி போட்டு வாய்க்குள்ளயே கீறி எடுத்துடலாம், வெளியில தழும்பே கிடையாது. பின்பக்கம் சுரப்பிக்கிட்ட இருந்தா வேலை கொஞ்சம் கூடுதல். சுரப்பியை எடுக்கறது கடைசி வழிதான், கழுத்துல கீறணும், கீழ் உதட்டை அசைக்கிற நரம்பு பக்கத்துலயே ஓடுது. அதனால கல் எந்த இடத்துல இருக்குன்னு இ.என்.டி. டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க.

காய்ச்சல், நாக்குக்கடியில சீழ் வந்தா மொதல்ல ஆன்டிபயாட்டிக், அப்புறம்தான் கல். நாக்கை மேல தூக்கற மாதிரி வீங்கி முழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டா விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.