பழைய பேலரில் வழுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச்

வணக்கம் ஐயா. வைக்கோலைக் கட்டுகளாக்கும் உங்கள் பேலரில் வைக்கோல் அடர்த்தியாக உள்ளே போகும்போது ‘டக் டக்’ என்று சத்தம் எழுந்து வைக்கோலை அழுத்தும் பிளஞ்சர் நின்றுவிடுவதாகவும், ஆனால் சுமை மிஞ்சினால் உடைந்து இயந்திரத்தைக் காக்கும் ஷியர் போல்ட் உடையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உராய்வுத் தகடு வழுக்கினால் கருகல் வாடைதான் முதலில் வரும் என்பதால், ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் மீதே எனக்குச் சந்தேகம்.

டிராக்டரை அணைத்து, பேலரின் கனமான சுழல்சக்கரமான பிளைவீல் முற்றிலும் நின்ற பிறகு, டிராக்டரின் விசையைப் பேலருக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, கிளட்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒரு திசையில் அது உடனே பிடிக்க வேண்டும், மறுதிசையில் தடையின்றி ஓட வேண்டும். பிடிக்கத் தவறினால், உள்ளே உள்ள எஃகுத் தாழ்களை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய விளிம்பு தேய்ந்து, கூழாங்கல்லைப் போல உருண்டு பளபளக்கும். தாழ்களையும் ஸ்பிரிங்குகளையும் மொத்தமாக மாற்றுங்கள், ஏனெனில் ஒன்றை மட்டும் மாற்றினால் சுமை முழுவதும் அதன்மேலேயே விழும். வெளிக்கூட்டின் பற்களும் மழுங்கியிருந்தால் அதையும் மாற்றாமல் பயனில்லை. கிரீஸை மெல்லியதாகவே பூசுங்கள், கெட்டியாக அப்பினால் தாழ்கள் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

தயவுசெய்து கிளட்சை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், பழைய டிராக்டர்களில் டிராக்டரின் கிளட்ச் பெடலை மிதித்த பிறகும், சுழலும் பேலர் பிளைவீல் கியர்பெட்டி வழியாக வண்டியை முன்னே தள்ளிக்கொண்டே போகும்.