தாறதத் தாங்க

அன்புள்ள சார்,

நான் திருச்சிக்காரி. கணவருக்கு இங்கே இலங்கையில் வேலை, மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து 8 மாதம் ஆகிறது. திருச்சியில் ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். இங்கே அது எடுபடவில்லை. போன வாரம் மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, வீட்டு வாசலில் இறங்கி, "எவ்வளவு?" என்றேன். "தாறதத் தாங்க" என்றார் டிரைவர், கொடுப்பதைக் கொடுங்கள் என்று. 300 ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கணவரோ, "நம்ம ஊர்க் காசுக்கு அது 85 ரூபாய்தான், பேரமே பேசாதே" என்கிறார். நான் வாயைத் திறந்ததுமே வெளியூர் என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் ஊர்த் தமிழைப் பழகிக்கொள்ளட்டுமா?

ஒரு வாசகி, கல்லடி

அன்புத் தங்கைக்கு,

"தாறதத் தாங்க" என்றதும் மனிதர் பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் அதைவிடக் கெட்டிக்காரப் பேரம் கிடையாது. விலை சொன்னால் குறைத்துக் கேட்கலாம். சொல்லாவிட்டால் எதைக் குறைப்பீர்கள்? கணக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டு, அவர் கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே பிறந்து வளர்ந்த நானே அந்தச் சொல்லுக்கு மயங்கி 50, 100 என்று கூடக் கொடுத்துவிட்டு வந்தவன்தான்.

கொழும்புப் பக்கம் மீட்டர் ஓட்டோ உண்டு. இங்கே வாய்தான் மீட்டர். ஏறுவதற்கு முன் அதை ஓடவிட வேண்டும். "கல்லடிக்கு எவ்வளவு எடுப்பீங்க, தம்பி?" அப்போதும் தாறதத் தாங்க என்றால், "இல்ல தம்பி, நீங்க சொன்னாத்தான் ஏறுவன்" என்று நில்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். நியாயமான கூலி என்னவென்று உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் முதலிலேயே கேட்டு வைத்திருந்தால் போதும்.

கூலி ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்பதற்கும் கதை உண்டு. 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், அந்த ஜூனில் 470 ஆனது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். பிறகு பெற்றோல் இறங்கியது, கூலி அந்த அளவுக்கு இறங்கவில்லை. கேட்டால் டயர், லீசிங் என்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

உங்கள் கணவரின் மூன்றரையால் வகுக்கிற கணக்குக்கு வருவோம். அதை நானும் போட்டிருக்கிறேன், தலைகீழாக. 2010 அளவில் கட்டாரில் இருந்தேன். ஒரு றியாலுக்கு 30 ரூபாய்ச் சொச்சம். முடி வெட்ட 10 றியால் என்றதும் "300 ரூபாயா!" என்று நெஞ்சு திக்கென்றது. ஊரில் அப்போது 100 ரூபாயோடு வேலை முடிந்துவிடும். இரண்டு மாதம் வெட்டாமலே திரிந்தேன். பிறகு ஒரு கடையில் மல்லுக்கட்டி 7 றியாலுக்கு இறக்கினேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் வெட்டினார். எழும்பிக் கண்ணாடியில் பார்த்தால் பிடரியில் மயிர் அப்படியே நிற்கிறது. கையால் காட்டினேன். அவர் சவரக் கத்தியைத் தூக்கிக் காட்டி, மூன்று விரலை நீட்டினார். மூன்று றியால்!

மீனை விலை குறைத்து வாங்கினால் மீன் சிறுத்துப் போகாது. வேலைக்குக் கூலியைக் குறைத்தால் வேலை சிறுத்துவிடும். தேங்காய் பறிக்க வருகிறவரிடம் பாருங்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவார். அளவுக்கு மீறிக் கழித்தால் தேங்காய் மட்டும் கீழே வரும். காய்ந்த மட்டையும் பன்னாடையும் மேலேயே தொங்கும். பிறகு ஒரு காற்று நாளில் அந்த மட்டை நேரே உங்கள் கூரை ஓட்டில் விழும். அதற்கு கொத்து வேலை செய்கிற மேசன் பாஸைக் கூப்பிட வேண்டும், அவரோடு இன்னொரு பேரம். காத்தான்குடி உடுப்புக் கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கழியுங்கள். அது விளையாட்டு, கடைக்காரருக்கும் பிடிக்கும்.

அதற்காக, வகுத்துப் பார்த்து மலிவு என்று அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா பார்க்கச் சுவிஸ், கனடாவிலிருந்து எங்கள் ஆட்கள் வந்து இறங்கினால் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் விமானம் ஏறிய பிறகும் அந்த விலை ஊரிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக் கிழவி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அதே ஓட்டோவில்தான் போக வேண்டும்.

அப்புறம் தமிழ். தயவுசெய்து மாற்றாதீர்கள். நாலாவது சொல்லில் பிடித்துவிடுவார்கள், பிறகு அதற்கும் சேர்த்து விலை சொல்வார்கள். 1000 ரூபாத் தாளோடு ஏறுவதை மட்டும் விடுங்கள். "மாத்தின காசு இல்லையே" என்றால் பேசிய விலையெல்லாம் காற்றில் போய்விடும். திருச்சித் தமிழிலேயே விலை பேசி ஏறுங்கள். மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டுவதற்குள் "இந்தியாவா அக்கா? வேளாங்கண்ணி உங்களுக்குக் கிட்டவா? திருச்சிக்கு பிளேன் டிக்கட் என்ன விலை போகுது?" என்று ஆரம்பித்துவிடுவார். நீங்கள் சொல்கிற விலையைக் கேட்டு, "கூடத்தான்" என்பார்.