‘சைலன்ட்’ மாற்றம் என்று ரிப்போர்ட்டில் வந்தால்...

எங்கள் ஆறு வயது மகனுக்கு எக்சோம் டெஸ்ட் (ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளைப் படிக்கும் டெஸ்ட்) எடுத்தோம். நோய்க்கான காரணம் கிடைக்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு மாற்றத்தைக் காட்டி, ‘சினானிமஸ், அநேகமாகப் பாதிப்பில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை விட்டுவிடலாமா? – வாசகி, ஈரோடு

பெரும்பாலும் விட்டுவிடலாம். சினானிமஸ் அல்லது ‘சைலன்ட்’ எனப்படும் இந்த வகை மாற்றங்கள் நம் ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாறியிருக்கும், ஆனால் அந்த மூன்றெழுத்துக் கோடான் பழைய அமினோ அமிலத்தையேதான் குறிக்கும். ரிப்போர்ட்டில் புரதம் பற்றிய பகுதியில் ஒரு சமக்குறி (=) இருக்கும், பாருங்கள். ‘புரதத்தில் மாற்றம் எதிர்பார்க்கவில்லை’ என்பதற்கான குறி அது. யாரும் புரதத்தை எடுத்துச் சோதித்துவிட்டு அந்தக் குறியைப் போடுவதில்லை. கோடான் அட்டவணையை வைத்துப் போட்டதுதான்.

அதனால் லேபிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த எழுத்து எக்சானின் (ஜீனில், இறுதி ஆர்என்ஏவில் தங்கும் துண்டு) ஓரத்தில் இருக்கிறதா? எக்சானின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஜி. அது மாறினால், அமினோ அமிலம் மாறாவிட்டாலும் ஸ்பிளைசிங் (ஆர்என்ஏவை வெட்டி எக்சான்களை ஒட்டும் வேலை) கெட வாய்ப்பு அதிகம். அடுத்து, ஸ்பிளைஸ்ஏஐ (ஸ்பிளைசிங் கெடுமா என்று கணிக்கும் மென்பொருள்) தரும் மதிப்பெண் என்ன? 0 முதல் 1 வரையான அளவில் 0.1க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 0.2ஐத் தாண்டினால் திரும்பப் பார்க்க வேண்டும், 0.8க்கு மேல் என்றால் ஆர்என்ஏ டெஸ்ட் எடுக்காமல் விடக்கூடாது. மூன்றாவது, அந்த ஜீனுக்கும் பையனின் அறிகுறிகளுக்கும் பொருத்தம் உண்டா? பொருத்தமே இல்லையென்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. பல லேப்களின் மென்பொருள் சினானிமஸ் மாற்றங்களை முதல் சலிப்பிலேயே ஒதுக்கிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கிறது. மூல டேட்டாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடம் கழித்து மறுபடி அலசச் சொல்லலாம்.

ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருப்பதால் மூன்றாம் எழுத்து மாறினால் பாதிப்பில்லை என்று படித்திருக்கிறோம். பிறகு நோய் எப்படி வரும்? – பிளஸ் டூ மாணவி, தென்காசி

நீங்கள் படித்தது சரிதான், ஆனால் பாதிதான். 61 கோடான்கள், 20 அமினோ அமிலங்கள் என்ற கணக்கு, புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்குப் பொருந்தும். ரைபோசோமுக்குப் போகும் முன்பே ஆர்என்ஏவில் எக்சான்களுக்கு இடையில் இருக்கும் இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, எக்சான்களை ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கான குறிப்புகள் எக்சானுக்கு உள்ளேயும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கின்றன.

இதற்கு எஸ்எம்ஏ என்ற முதுகுத்தண்டு தசைநலிவு நோயைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 5ஆம் குரோமோசோமில் எஸ்எம்என்1, எஸ்எம்என்2 என்று கிட்டத்தட்ட அச்சு அசலாக இரண்டு ஜீன்கள். முக்கிய வித்தியாசம் 7ஆம் எக்சானின் ஆறாவது எழுத்து: முதலாவதில் சி, இரண்டாவதில் டி. டிடிசி, டிடிடி இரண்டுமே ஃபினைல்அலனின்தான். ஆனால் சி இருக்கும்போது, எக்சானை வைத்துக்கொள்ளச் சொல்லும் புரதம் அங்கே உட்காரும். டி வந்ததும் அதன் பிடி போய், எக்சானைத் தள்ளிவிடும் புரதங்களின் கை ஓங்குகிறது. விளைவு, எஸ்எம்என்2 தரும் ஆர்என்ஏவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் முழுமையானது; மீதியில் 54 எழுத்துள்ள 7ஆம் எக்சானே இருக்காது. அதிலிருந்து வரும் புரதம் நிலைக்காமல் சிதைந்துவிடும். எஸ்எம்என்1 இரண்டு பிரதியும் இல்லாத குழந்தைக்கு இந்தச் சொற்ப அளவுதான் ஆதாரம். அதனால்தான் எஸ்எம்என்2 பிரதிகள் கூடுதலாக இருந்தால் பொதுவாக நோயின் வேகம் குறைகிறது.

2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென் (முதுகுத்தண்டு நீரில் போடும் ஊசி), 2020இல் வந்த ரிஸ்டிபிளாம் (வாயால் சாப்பிடுவது) இரண்டுமே அந்த 7ஆம் எக்சானை மறுபடி சேர்க்க வைக்கும் மருந்துகள்.

குழந்தைகளுக்கு வேகமாக முதுமை வரும் புரோஜீரியா நோய் இதற்கு நேர்மாறு. எல்எம்என்ஏ ஜீனின் 608ஆம் கோடான் ஜிஜிசியிலிருந்து ஜிஜிடி ஆகிறது, இரண்டுமே கிளைசின்தான். ஆனால் அந்த டி, எக்சானுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு போலி வெட்டுமுனையை எழுப்பிவிடுகிறது. 150 எழுத்துகள், அதாவது 50 அமினோ அமிலங்கள் காணாமல் போய், புரோஜெரின் என்ற கெட்ட புரதம் உருவாகிறது. 2003இல் இது தெரியவந்தது. பீட்டா குளோபினின் 24ஆம் கோடானிலும் (ஜிஜிடி, ஜிஜிஏ) இதே கதை. அங்கே வருவது தலசீமியா.

என் அண்ணன் குழந்தை எஸ்எம்ஏவில் இறந்துவிட்டது. எனக்கு அத்தை (அப்பாவின் தங்கை) மகனைப் பேசி முடித்திருக்கிறார்கள். என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

குழந்தைக்கு வந்ததென்றால், அநேகமாக உங்கள் அண்ணன் கேரியர் (நோயில்லாமல், பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர்). உங்களுக்கு அந்த வாய்ப்பு இரண்டில் ஒன்று, அத்தை மகனுக்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. வெளியில் மாப்பிள்ளை பார்த்தாலும் ஆபத்து பூஜ்யமில்லை. ஐம்பது பேரில் ஒருவர் அளவுக்கு கேரியர்கள் இருக்கிறார்கள்.

டெஸ்டின் பெயர் எம்எல்பிஏ. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் 2-3 மில்லி ரத்தம் போதும். மேலே சொன்ன சி, டி வித்தியாசத்தை வைத்துத்தான் அது எஸ்எம்என்1 பிரதிகளைப் பிரித்து எண்ணுகிறது. ஒரு பிரதி என்றால் கேரியர்.

முதலில் அண்ணனுக்கு எடுங்கள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அவருக்கு ஒரு பிரதி என்று வந்தால், உங்களுக்கு வரும் ‘இரண்டு’ என்ற விடையை நம்பலாம். அவருக்கே இரண்டு என்று வந்தால் எச்சரிக்கை தேவை: ஒரே குரோமோசோமில் இரண்டு பிரதியும் மற்றதில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், அல்லது ஒற்றை எழுத்துப் பிழையாக இருக்கலாம். இரண்டையும் எம்எல்பிஏ காட்டாது. அப்போது ஜெனடிக் கவுன்சிலரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஆபத்து 25%. 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம்.

சினானிமஸ் மாற்றம் ஸ்பிளைசிங்கைக் கெடுக்கிறதா என்று எங்கள் லேபில் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுத்துப் பெருக்கும் டெஸ்ட்) செய்தோம். ஜெல்லில் இயல்பான பேண்ட் மட்டுமே வந்தது. பாதிப்பில்லை என்று எழுதலாமா? – லேப் டெக்னீஷியன், கோயம்புத்தூர்

எழுதாதீர்கள். முதலில் பிரைமர்களை (பெருக்கம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பாருங்கள். அவற்றில் ஒன்று சந்தேக எக்சானுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், அந்த எக்சான் விடுபட்ட ஆர்என்ஏ பெருகவே பெருகாது. இரு பக்கமும் குறைந்தது ஒரு எக்சான் தள்ளி வையுங்கள்.

பிரைமர் சரி என்றால் அடுத்த சந்தேகம் என்எம்டி. சட்டகம் பிசகி நடுவில் நிறுத்தக் கோடான் விழுந்த ஆர்என்ஏவை செல்லே அழித்துவிடும். மிஞ்சுவது நல்ல அல்லீலின் (ஜீனின் இரு பிரதிகளில் ஒன்று) பேண்ட் மட்டுமே. கண்டுபிடிக்க வழி: டிஎன்ஏவில் ஹெட்டிரோசைகஸாக (இரு பிரதிகளிலும் வெவ்வேறாக) இருக்கும் ஒரு எழுத்தை, ஆர்என்ஏவிலிருந்து எடுத்த நகலான சிடிஎன்ஏவில் சாங்கர் முறையில் படித்துப் பாருங்கள். ஒரே எழுத்து மட்டும் தெரிந்தால் மற்ற அல்லீல் அழிந்திருக்கிறது. ரத்த லிம்ஃபோசைட்களை வளர்த்து, என்எம்டியைத் தடுக்கச் சில மணி நேரம் பியூரோமைசின் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

அந்த ஜீன் ரத்தத்தில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். மூளையிலோ தசையிலோ மட்டும் இயங்குவதென்றால், ஜீனின் ஒரு துண்டை வளர்ப்புச் செல்லில் புகுத்திப் பார்க்கும் மினிஜீன்தான் கதி. கன்ட்ரோல் ரத்தம் இரண்டு மூன்று அதே நாளில், அதே வகைக் குழாயில் எடுத்து ஓட்டுங்கள். எல்லோரிடமும் லேசாக வரும் இயல்பான மாற்று ஸ்பிளைசிங்கை நோயாக எழுதிவிடும் ஆபத்து நிஜமானது.

எம்டிஆர்1 ஜீனில் சினானிமஸ் மாற்றம் இருப்பதால் மருந்தின் அளவை மாற்ற வேண்டும் என்கிறது ஒரு தனியார் டெஸ்ட். உண்மையா? – வாசகர், திருச்சி

எம்டிஆர்1, மருந்துகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதத்துக்கான ஜீன். அதன் 3435ஆம் இடத்தில் சி என்ற எழுத்து டி-யாகும் மாற்றம் அது. 2007இல் வெளியான ஆய்வு, புரதத்தின் அளவு மாறாமலேயே அது மருந்துகளைப் பிடிக்கும் விதம் மாறுவதாகக் காட்டியது. அரிதான கோடானில் ரைபோசோமின் வேகம் மாறி, புரதம் மடிவதும் மாறுகிறது என்பது விளக்கம். நல்ல ஆய்வுதான். ஆனால் நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2022இல் ஈஸ்டில் செய்த ஆய்வு, சோதித்த சினானிமஸ் மாற்றங்களில் முக்கால்வாசி தீங்கானவை என்றது. கன்ட்ரோல் சரியில்லை என்று அதற்கும் பலத்த எதிர்ப்பு வந்தது. இந்த டெஸ்டை மட்டும் நம்பி மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.