ஆப்பிள்காரியின் கைராசி

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்’ என்ற 1961-ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஆப்பிள் விற்கும் கிழவி ஆனி. ஸ்பெயினில் ஒரு கன்னிமாடத்தில் வளரும் தன் மகளுக்கு, தான் பெரிய சீமாட்டி என்று ஓட்டல் காகிதத்தில் பொய்க் கடிதங்கள் எழுதிவருகிறாள். ஒருநாள் மகள் கப்பலில் வருகிறாள். மணக்கப்போகும் பையனும் அவன் தந்தையான பிரபுவும் கூடவே வருகிறார்கள். கிழவியின் மானத்தைக் காக்க, டேவ் என்ற ரவுடித் தலைவனும் அவன் ஆட்களும் சில நாட்கள் கனவான்களாக வேடம் கட்டுகிறார்கள். அந்த நான்கு வரிக்குச் சென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

டேவ் எதற்காக அந்தக் கிழவிக்கு உதவுகிறான்? கல்நெஞ்சக்காரனுக்கு இரக்கம் திடீரென்று எங்கிருந்து வந்தது?
— கல்லூரி மாணவி, அம்பத்தூர்

இரக்கம் இல்லை அம்மா, கைராசி. ஆனியின் கையால் ஒரு ஆப்பிள் வாங்காமல் டேவ் எந்தப் பெரிய பேரத்துக்கும் போகமாட்டான். இதை வெள்ளைக்காரர்களுக்குப் புரியவைக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ரா சில காட்சிகள் செலவழிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த ஒரு சொல் போதும். காலையில் யார் கையால் போணி ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கடை திறக்கிற ஊர் இது.

படத்தின் பலமே இங்கேதான் இருக்கிறது என்பேன். டேவ் உதவத் தொடங்குவது தனக்காக. கிழவி மனம் ஒடிந்து படுத்துவிட்டால் தன் அதிர்ஷ்டமும் படுத்துவிடும் என்ற பயம். போகப்போக அவனுடைய பெரிய பேரமே காத்துக் கிடக்கிறது. கூட்டாளி ஜாய் பாய் தலையில் அடித்துக்கொள்கிறான். டேவோ ஆனியின் வீட்டு விருந்துக்கு யார் யாரை அழைப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். சுயநலம் எந்த நிமிடத்தில் அன்பாக மாறியது என்று நான் பலமுறை தேடியிருக்கிறேன். குறிப்பிட்ட காட்சி என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

ரவுடிகளை நல்லவர்களாகக் காட்டுவது தவறில்லையா? மாமூல் கேட்டு வருகிறவர்களை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூட டேவ் இல்லை.
— மோட்டார் உதிரிபாக வியாபாரி, புதுப்பேட்டை

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச்சாராயப் பணத்தில் வளர்ந்த கும்பல்கள் செய்தது எல்லாம் கொலைதான். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஒரு கார் கொட்டகைக்குள் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்த ஊரின் பெரிய புள்ளி அல் கபோன் 1930-இல் வேலையற்றவர்களுக்கு இலவசக் கஞ்சித்தொட்டி திறந்தார். அதைப் பத்திரிகைகள் எழுதின, ஊர் பேசியது. மறுவருடம் வரி ஏய்ப்பு வழக்கில் பதினோரு வருடத் தண்டனை பெற்றார். அந்தத் தர்மத்தை நான் தர்மம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பெயர்ப்பலகை இருந்தது.

டேவ் செய்வதில் பெயர்ப்பலகைக்கே இடமில்லை. அவன் உதவியது வெளியே தெரிந்த அந்த நொடியே உதவி செத்துவிடும். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுவதற்குக் காரணம் உண்டு.

எழுபதுகளில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராக இருந்தேன். வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்கும் வயதான அம்மா ஒருவர் உண்டு. எங்களுக்கெல்லாம் கடலை அம்மா. அதே வாசலில் பிளாக் டிக்கெட் விற்கும் கும்பலும் உண்டு. அதன் தலைவர் ஒரு ரூபாய் சொச்ச டிக்கெட்டை மூன்று ரூபாய்க்கு விற்பார். குடும்பத்தோடு வந்து ஏமாந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதிர்த்துக் கேட்ட ஒரு பையனை அவர் கன்னத்தில் அறைந்ததையும் பார்த்திருக்கிறேன். அதை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் கடலை அம்மாவிடம் முதல் பொட்டலம் வாங்காமல் அவர் ஒரு டிக்கெட்டையும் மடியிலிருந்து எடுக்கமாட்டார்.

ஒருமுறை அந்த அம்மா நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தத் தலைவர் கும்பலை அப்படியே விட்டுவிட்டுத் தேடிப்போனார். காய்ச்சலில் கிடந்தவரை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பணம் கொடுக்க நானும் போயிருந்தேன். உறவு என்ன என்று எழுதுகிறவர் கேட்டபோது, ‘மகன்’ என்றார். அந்த அம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. வாசலுக்குத் திரும்பியதும், இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னை மிரட்டினார். மிரட்டல் என்றால் உண்மையான மிரட்டல். இத்தனை ஆண்டுகள் கழித்து, பெயரைச் சொல்லாமல், இப்போதுதான் எழுதுகிறேன்.

அதற்காக அவர் நல்லவர் ஆகிவிட்டாரா என்றால், இல்லை. மறுநாளும் மூன்று ரூபாய்க்குத்தான் விற்றார்.

கதை யாருடையது?
— வாசகர், மந்தைவெளி

டேமன் ரன்யன். நியூயார்க் பத்திரிகையாளர்; கபோன் வழக்கை நீதிமன்றத்திலிருந்து எழுதியவர்களில் ஒருவர். 1929-இல் வந்த ‘மேடம் லா கிம்ப்’ என்ற சிறுகதைதான் மூலம். அவருடைய பிராட்வே கதைகளைச் சொல்கிறவர் நடந்ததையெல்லாம் நிகழ்காலத்திலேயே சொல்வார். பேச்சில் சுருக்கும் ஆங்கிலச் சொற்களையும் சுருக்காமல் முழுதாகச் சொல்வார். சூதாடிகளையும் கடத்தல்காரர்களையும் பற்றிய கதை மேடைத்தமிழில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு தொகுப்பை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எனக்குக் கொஞ்சமாவது ஆங்கிலம் வந்தது அதில்தான். சொற்கள் சுருங்காததால் என்னைப் போன்றவனுக்கும் பிடிபட்டன. 1946-இல் அவர் இறந்தபோது சாம்பலை விமானத்திலிருந்து பிராட்வேயின் மேலேயே தூவினார்கள்.

காப்ரா இதே கதையை 1933-இலேயே எடுத்திருக்கிறாராமே. இரண்டில் எதைப் பார்க்கலாம்?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

‘லேடி ஃபார் எ டே’. கறுப்பு வெள்ளை, 96 நிமிடம். பின்னது வண்ணம், 136 நிமிடம். என் கணக்கில் சொன்னால் இரண்டு பெரிய ரீல் கூடுதல். அந்த இரண்டு ரீலும் டேவும் அவன் காதலியும் போடும் சண்டைக்கும், சிகாகோவிலிருந்து வரும் இன்னொரு தாதாவுக்கும் போயிருக்கின்றன. வெட்டியிருந்தால் நான் வருந்தியிருக்கமாட்டேன்.

ஆனி என்றால் எனக்கு 1933-இன் மே ராப்சன்தான். படம் வந்தபோது அவருக்கு 75 வயது. நடக்கும்போதே முழங்கால் வலி தெரியும். 1961-இல் நடித்த பெட்டி டேவிஸ் மகா நடிகை, ஆனால் அவருக்கு 53 தான். அலங்காரம் முடிந்து சீமாட்டியாக நிற்கும்போது டேவிஸ் தன் இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கிறார். ராப்சனோ இரவல் புடவை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல, எதையும் தொடப் பயந்து நிற்கிறார். அந்தப் பயம்தான் ஆனி.

ஜாய் பாய்க்காக மட்டும் 1961-ஐப் பாருங்கள். பீட்டர் ஃபாக், எப்போதும் எரிச்சலோடு, தலைவன் செய்வது அத்தனையும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் செய்துமுடிப்பவர். ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்; விருது கிடைக்கவில்லை. அதுவே காப்ராவின் கடைசிக் கதைப்படம்.

1933 படத்துக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். விழாவை நடத்திய நடிகர் வில் ராஜர்ஸ் சிறந்த இயக்குநர் உறையைப் பிரித்து, ‘வா ஃபிராங்க், வந்து வாங்கிக்கொள்’ என்ற பொருளில் அழைக்க, காப்ரா எழுந்து நடந்தார். அழைத்தது ஃபிராங்க் லாயிட் என்ற இன்னொரு இயக்குநரை. பாதி வழியிலிருந்து திரும்பிவந்து உட்கார்ந்தார். மறுவருட விழாவில் அவருடைய ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்துக்கு ஐந்து பெரிய ஆஸ்கர் விருதுகளும் கிடைத்தன.

இதேபோல் நல்ல மனதுள்ள திருடர்கள் படம் வேறு சொல்லுங்கள் தாத்தா.
— ஏழாம் வகுப்பு மாணவன், கொளத்தூர்

தம்பி, உனக்கு ‘வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்’, 1955-இல் வந்தது. அதே பெயரில் பிறகு வந்த படம் வேண்டாம். தீவுச் சிறையிலிருந்து தப்பிய மூன்று கைதிகள், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டைக் கொள்ளையடிக்க நுழைகிறார்கள். நுழைந்தவர்கள் கூரையைச் சரிசெய்து, கணக்கைச் சரிபார்த்து, விருந்தும் சமைத்துப் போடுகிறார்கள். கூண்டில் ஒரு குட்டிப் பாம்பும் உண்டு, பெயர் அடால்ஃப்.

உன் அப்பாவோடு சேர்ந்து ‘லார்சனி இன்க்’ (1942) பார். வங்கிக்குச் சுரங்கம் தோண்டத் திருடர்கள் பக்கத்துப் பயணப்பெட்டிக் கடையை வாங்குகிறார்கள். பெட்டி வியாபாரம் அமோகமாக நடந்து தோண்ட நேரம் இல்லாமல் போகிறது.

தமிழில் எடுத்தால் எப்படி இருக்கும்?
— வாசகி, குரோம்பேட்டை

ஜாக்கி சான் 1989-இல் ‘மிராக்கிள்ஸ்’ என்று ஹாங்காங்குக்குக் கொண்டுபோனபோது ஆப்பிளுக்குப் பதில் ரோஜாப்பூ வைத்தார். சென்னையில் எடுத்தால் மல்லிகைச்சரம். முழம் போடுகிற கையைக் காட்டத் தெரிந்தவர் எடுக்கட்டும்.

படம் முடிந்தும் மகளுக்கு உண்மை தெரிவதில்லை. மேயரும் கவர்னரும்கூட வந்து நடித்துக்கொடுத்து, பொய்யோடே அவளைக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அம்மா யார் என்று தெரியாமலே ஒரு பெண் வாழ்வது அநியாயம் இல்லையா?
— இரண்டு பெண்களின் தாய், திருவான்மியூர்

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. எங்கள் தியேட்டரில் இந்தப் படம் காலைக் காட்சியாக ஒரு வாரம் ஓடியது. ஒரு புரொஜெக்டரில் கடைசி ரீல் ஓடும்போது, முடிந்த ரீலை நான் கையால் சுற்றி வைக்க வேண்டும். துறைமுகக் காட்சி வந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் துவாரத்தில் முகத்தை வைத்துக்கொள்வேன். ஏழு நாளும், இன்றைக்காவது சொல்லிவிடு தாயே என்றுதான் நினைத்தேன். முதல் நாள் பார்த்தவனுக்கே முடிவு தெரியும், இருந்தும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தேறிவந்த கடலை அம்மாவை, வெள்ளிக்கிழமையன்று கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். ஆங்கிலம் தெரியாது என்பதால் கதையை முன்பே சொல்லியிருந்தேன். படம் விட்டதும் இறங்கிவந்து, நீங்கள் கேட்பதைத்தான் அவரிடம் கேட்டேன். அந்தக் கிழவி மகளிடம் சொல்லியிருக்க வேண்டாமா, அம்மா?

“சொல்லியிருந்தால் அந்தப் பெண் கப்பல் ஏறியிருப்பாளா?” என்று திருப்பிக் கேட்டார். பகல் காட்சிக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே முதல் பொட்டலத்துக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.