குடும்ப வீட்டைப் பகிர்வு வாடகை வீடாக மாற்றுதல்: இங்கிலாந்து விதிகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பர்மிங்காமில் ஒரு வீட்டை வாங்கி, மூன்று மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட எண்ணுகிறேன். ஒரு சுவரைக்கூட இடிக்கப் போவதில்லை. இதற்கும் திட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். சட்டம் இங்கே சுவரைப் பார்ப்பதில்லை, பயன்பாட்டைப் பார்க்கிறது. கட்டடங்களை அது பயன்பாட்டின்படி வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் ஒரே குடும்பம் வாழும் வீடு சி3 வகுப்பைச் சேர்ந்தது. உறவில்லாத மூவர் முதல் அறுவர் வரை சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு வாழ்ந்தால், அதே வீடு சி4 வகுப்புக்கு மாறிவிடுகிறது. 2010 ஏப்ரலில் இந்த வகுப்பு உருவாக்கப்பட்டபோது, இங்கிலாந்து முழுவதும் இத்தகைய மாற்றத்துக்கு விண்ணப்பம் தேவைப்பட்டது. அடுத்து வந்த அரசு அதே ஆண்டு அக்டோபரில் அதைப் பொது அனுமதியின் கீழ், அதாவது தனி விண்ணப்பம் தேவைப்படாதபடி கொண்டுவந்து, கட்டுப்பாடு வேண்டுமென்று கருதும் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) ஆர்டிகிள் 4 ஆணை பிறப்பித்து அந்தப் பொது அனுமதியைத் தங்கள் பகுதியில் விலக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பர்மிங்காம் 2014இல் செல்லி ஓக் உள்ளிட்ட பல்கலைக்கழகச் சுற்றுப்புறத்துக்கும், 2020 ஜூனில் நகரம் முழுவதற்கும் இந்த ஆணையைக் கொண்டுவந்தது.

கேள்வி: விண்ணப்பித்தால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும் எண்ணிக்கையை வைத்துத்தான். பர்மிங்காமில் உங்கள் வீட்டைச் சுற்றி 100 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள குடியிருப்புகளில் பகிர்வு வீடுகளின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு குடும்ப வீடு இரண்டு பகிர்வு வீடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளவும் கூடாது. 2012 முதல் நகரம் முழுவதும் ஆணையை நடைமுறைப்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு, தெருவின் நீளத்தில் 100 மீட்டரை அளந்து, 20 விழுக்காட்டை வரம்பாகக் கொள்கிறது.

இந்த விழுக்காட்டு முறையில் எனக்கு முழு நிறைவு இல்லை. உரிமப் பதிவேடு, கவுன்சில் வரிப் பதிவுகள் போன்றவற்றைக் கொண்டே கணக்கிடுவதால், எங்கும் பதியாமல் நடத்தப்படும் வீடுகள் கணக்கில் விழுவதில்லை. ஒழுங்காகப் பதிந்தவர்தான் எண்ணப்படுகிறார். மேலும், வரம்பு இன்னும் நிறையாத தெருவை இது நன்றாகவே காக்கும் என்றாலும், ஏற்கெனவே பாதிக்கு மேல் மாணவர் வீடுகளாகிவிட்ட தெருவில் எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு இதனால் பெரிய நன்மை இல்லை: அந்த வீட்டை வாங்க வேறு குடும்பம் முன்வருவதும் அரிது, பகிர்வு வீடாக மாற்ற அனுமதி கிடைப்பதும் அரிது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அந்த வட்டத்துக்குள் உள்ள பகிர்வு வீடுகள் எத்தனை என்று கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஹெச்.எம்.ஓ. உரிமம், அதாவது பகிர்வு வீடு நடத்துவதற்கான உரிமம், இருக்கிறது. அது போதாதா?

போதாது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. உரிமம் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு அது கட்டாயம். மூன்று மாடி இருந்தால்தான் என்ற பழைய நிபந்தனை 2018 அக்டோபரில் நீங்கிவிட்டது. ஐவருக்குக் குறைவாக இருந்தாலும் உரிமம் கேட்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. தீப் பாதுகாப்பு, வயது வந்த ஒருவர் உறங்கும் அறைக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டர் பரப்பு என்று உரிமம் வீட்டின் உள்ளே பார்க்கிறது. திட்ட அனுமதியோ தெருவையும் அக்கம்பக்கத்தையும் பார்க்கிறது. ஒன்று கிடைத்ததால் மற்றொன்று கிடைத்ததாகாது. உரிமமின்றி நடத்துவது நேரடியாகவே குற்றம். திட்ட அனுமதியில்லாத மாற்றம் அப்படியல்ல; கவுன்சில் அனுப்பும் அமலாக்க அறிவிப்பை மீறும்போதுதான் அது குற்றமாகிறது.

கேள்வி: என் வீட்டில் நானே குடியிருந்துகொண்டு, இரண்டு பேருக்கு மட்டும் அறை கொடுத்தால்?

அது சி3 வகுப்பிலேயே நீடிக்கும். திட்ட அனுமதி தேவையில்லை.

கேள்வி: ஏழு பேரை வைத்தால்?

அது எந்த வகுப்பிலும் அடங்காத தனிப் பயன்பாடு. குடும்ப வீட்டை அவ்வாறு மாற்ற, ஆர்டிகிள் 4 ஆணை இல்லாத ஊரிலும் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆணை முடிவாகியும் நடைமுறைக்கு வர ஓராண்டு ஆகும் என்கிறார்கள். ஏன்?

இழப்பீட்டுக்கு அஞ்சித்தான். உடனடியாக உரிமையைப் பறித்தால், அதனால் பணம் இழந்த உரிமையாளர்கள் கவுன்சிலிடம் இழப்பீடு கோரலாம். 12 மாதம் முன்னறிவிப்புக் கொடுத்தால் அந்தப் பொறுப்பு இல்லை. அந்த ஓராண்டுக்குள் அவசர அவசரமாக வீடுகளை மாற்ற வழி திறந்துவிடுகிறது என்ற உங்கள் வருத்தம் நியாயமானதே.

கேள்வி: ஆணை வருவதற்கு முன்பிருந்தே நான் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது ஒரு குடும்பம் கேட்கிறது, கொடுக்கலாமா?

ஆணை பின்னோக்கிப் பாயாது. பழைய வாடகை ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கு, மாணவர்களுக்கான கவுன்சில் வரி விலக்குக் கடிதம் ஆகியவற்றைக் காட்டி, இப்போதைய பயன்பாடு சட்டப்படியானது என்று கவுன்சில் உறுதிசெய்யும் சட்டபூர்வப் பயன்பாட்டுச் சான்றிதழை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குக் கொடுக்க அனுமதி தேவையில்லை; ஆனால் அவர்கள் போன பிறகு மீண்டும் மாணவர்களுக்கு விட அனுமதி தேவைப்படும், அது கிடைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. எனவே இரண்டு பயன்பாட்டுக்கும் இடமளிக்கும் நெகிழ்வு அனுமதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் பத்தாண்டுகள் வரை விரும்பியபடி மாறி மாறி விடலாம். பத்தாண்டு முடியும் நாளில் வீடு எந்தப் பயன்பாட்டில் இருக்கிறதோ அதுவே நிலைத்துவிடும் என்பதால், அன்றைக்கு யார் குடியிருக்கிறார்கள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.