கையெழுத்துக்கு என்ன அவசரம்?

கேள்வி: வயது 58. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேர் இதே தெருவில் இருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மகன், 'வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு எங்களோட வந்துடும்மா' என்கிறான். மகளுக்கு இதில் வருத்தம். என்ன செய்ய?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகனோடு போய் இருப்பது வேறு, வீட்டை எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

முதலில் பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். கணவர் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு சம பங்கு. அவர் இறந்தபோது மாமியார் இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. முழு வீட்டையும் நீங்கள் ஒருவராக எழுதித்தரவே முடியாது. மகளின் வருத்தம் வெறும் வருத்தமல்ல.

வீடு உங்கள் பெயரில்தான் என்றால், செட்டில்மென்ட் (இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) வேண்டாம், உயில் போதும். செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கைமாறிவிடும். பிறகு மனசு மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்க வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே! தோழிகளை இதற்கு இழுக்காதீர்கள்.

'பிள்ளை கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து பண்ணிக்கலாம்' என்று யாராவது தைரியம் சொல்வார்கள். அது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு. எழுதிக் கொடுப்பவருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு 58. அறுபதுக்குப் பிறகு எழுதினாலும், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற வழக்கமான வரி மட்டும் இருந்தால், இந்த மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியர் முன்னால் உங்கள் மனு பலமிழக்கலாம்.

இப்போதைக்கு, ஒரு சாவியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் சென்னையில் இருந்து பாருங்கள். மருமகள் அடுப்படியில் உங்களுக்கு எந்த நேரம், சாயங்காலம் பேச யார் என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: முப்பது வருடத் தோழி 2 லட்சம் கைமாற்றுக் கேட்கிறாள். புரோநோட்டு கேட்டால் தப்பாக நினைப்பாளோ?
- வாசகி, திருப்பூர்

பதில்: நினைக்கலாம், இருந்தாலும் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், வருமான வரிச் சட்டத்தில் அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும். இதைச் சொன்னால் அவரே புரிந்துகொள்வார். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் கோர்ட்டுக்குப் போக வழியில்லை.

கேள்வி: மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் திட்டாகப் பட்டது. 'உடம்பு சூடு, வெந்தயம் சாப்பிடு' என்கிறாள் தோழி.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தோழி சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்த பிறகு ஒரு துளி பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிறப்புறுப்புச் சவ்வு மெலிந்து உலர்ந்ததுதான் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் காட்டும். பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உள்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதற்குள் அடங்கியிருந்தும் மறுபடி பட்டால், மறுபடி போக வேண்டும். 'முன்னே எடுத்த பாப் ஸ்மியர் நார்மல்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, உள்சுவருக்கானது அல்ல.