தொழுநோய் ஒழிந்துவிட்டதென்றால் ஏற்காட்டில் வீடு வீடாக ஏன் தேடுகிறார்கள்?

2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கைத்தான். அந்தக் கணக்கில் வருவது அப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும். 1980களில் வந்த கூட்டு மருந்தைச் சாப்பிட்டு முடித்தால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். எண்ணிக்கை மளமளவென இறங்கியதில் இதற்கும் பங்குண்டு. பிறகு வீடு தேடிப் போவது குறைந்தது. தேடாவிட்டால் எங்கே கிடைக்கும்? 2016இல் மறுபடி தேடுதல் இயக்கம் தொடங்கினார்கள்.

கிருமி புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து வருடம் ஆகும். தேமல் மாதிரி வெளிறிய படை, அரிக்காது, வலிக்காது. காபித் தோட்டத்துக்குப் போகிறவர் அதற்காக ஒருநாள் கூலியை விடுவாரா? வருகிற பணியாளர் பேனா முனையால் தொட்டுப் பார்ப்பார்; உணர்ச்சி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். மாத்திரை இலவசம்.

என்னைக் கேட்டால், மொத்த எண்ணிக்கையைவிட குழந்தைகள் எத்தனை பேர், விரல் மடங்கிய பிறகு வந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும். முதலாவது இருந்தால் நோய் இன்னும் பரவுகிறது. இரண்டாவது இருந்தால் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.